மதகு வளைவில் அணையும் விளக்கு

ஜனவரி 3, வெள்ளி

ஜக்கரியா பாய் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டைரிக்கும் என்ன சம்பந்தம். புது வருஷத்துக்கு உரக்கடையில் கொடுத்தது, மிக்சி மேல் கிடந்தது.

கோளாறு இதுதான். டிராக்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. அது இழுக்கிற டிரைலரில் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு இரண்டும் நினைத்தால் எரிகிறது, நினைத்தால் அணைகிறது. பண்ருட்டியில் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனால், மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்கு. பாய் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். பல்பைக் கழற்றிப் பார்த்தார். வயரைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் வரை போனார். எல்லாம் புதுசு. நவம்பரில் நானே நின்று மாற்றியது.

"இங்க வந்தா எரியுது. ரோட்ல என்னா பண்ணுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும். எங்க அணையுது, லோடு இருந்துச்சா, பிரேக்கு மெதிச்சியா, எல்லாத்தயும் எழுதிக்கிட்டு வாம்மா. வைத்தியத்துக்கு அதான் முக்கியம்" என்றார்.

போன சீசன் வரை இந்த வண்டியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். இந்த சீசன் நான் ஓட்டுகிறேன். வயலில் கரும்பு வெட்டி ஏற்றியதும் பொழுது சாயக் கிளம்பி ஆலையில் கொண்டுபோய் வரிசையில் நிறுத்த வேண்டும். பிறகு பஸ் பிடித்து வீடு. ஊர்க்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது வழி விடுகிறார்கள்.

ஜனவரி 4, சனி

லோடு உண்டு. கிளம்பும்போது இரண்டும் எரிந்தது. மதகு வளைவில் அணைந்தது. மேடு ஏறியதும் திரும்ப எரிந்தது.

கரும்பு ஏற்றினால் பின்விளக்கு இருக்கும் பலகை எனக்குத் தெரியாது. சாலையோரக் கரும்புத் தோகையில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

லோடு உண்டு. மதகு வளைவில் அணைந்தது. இந்தத் தடவை ஆலை வரை எரியவில்லை.

ஜனவரி 8, புதன்

மதகு வளைவில் அணைந்தது.

மதகுக்கு அப்புறம் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒற்றை விளக்கு. பைக்காக இருக்கும், முந்திப் போகட்டும் என்று ஓரம் கட்டினேன். முந்தவில்லை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வருகிறது. ஆலை கேட் தெரிகிற இடம் வரை வந்தது. அப்புறம் காணோம்.

வீட்டுக்கு வந்தால் மாமாவும் அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். முந்திரிக்காட்டைப் பார்க்கப் போயிருந்தாராம். பனிக்காலத்தில் முந்திரியில் பார்க்க என்ன இருக்கிறது. மகன் போனதிலிருந்து மாமனார் வீட்டில் உட்காருவதே இல்லை. கேட்டால் இருமுவார்.

ஜனவரி 10, வெள்ளி

மதகு வளைவில் அணைந்தது. ஒற்றை விளக்கு வந்தது.

ஜனவரி 11, சனி

ஆலையில் பாய்லர் ரிப்பேர், லோடு இல்லை. துணி துவைத்தேன். மகள் வாணிக்குத் தலை பார்த்தேன். மாவு அரைத்தேன். இனிமேல் ஒத்திப்போட வேலை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

போன வருஷம் தை கடைசியில் அந்த மதகு வளைவில்தான் அவர் போனார்.

டிரைலரில் டயர் பஞ்சர். பின்விளக்கு வயர், டிரைலரை மாட்டும் கொக்கியில் உரசி உரசி அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சீசன் முடியட்டும் என்று எல்லாரும் விடுவதுபோல அவரும் விட்டிருந்தார். இருட்டில் ரோட்டோரம் கரும்போடு வண்டி நிற்கிறது, பின்னால் வருபவனுக்குத் தெரியாதே என்று டிரைலருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு செல்போன் வெளிச்சத்தைக் காட்டி ஆட்டியிருக்கிறார். ஸ்டெப்னி எடுத்து வர மாமா எக்ஸ்எல் மொபெட்டில் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் லாரி வந்துவிட்டது.

அதனால்தான் இந்த வருஷம் வயர் புதுசு, பல்பு புதுசு, எல்லாம் புதுசு. வருஷம் திரும்பாததால் ஆயுத பூசை இல்லை. ஆனாலும் சீசனுக்கு முன்னால் டிரைலருக்குப் பெயிண்ட் அடித்தேன். பின்பலகையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை 'புகழேந்தி' என்று அவர் பெயரை மஞ்சளில் எழுத வைத்தேன். பெயிண்டர் நல்ல கைக்காரர். ஒரு ஆணி, ஒரு நட்டு விடாமல் மூன்று கோட்டு அடித்தார்.

இதையெல்லாம் பாயிடம் காட்ட முடியாது. அவருக்கு வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

ஊரெல்லாம் பொங்கல். எங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வாணி சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நட்சத்திரம் செய்ய வாங்கிய சிவப்புக் கண்ணாடித்தாளைக் காணோம் என்று காலையிலிருந்து ஒரே அழிச்சாட்டியம். "தாத்தா கிட்ட கேளு" என்றேன். தாத்தா, தான் பார்க்கவே இல்லை என்றார். சட்டைப்பையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்.

ஜனவரி 17, வெள்ளி

பாய் தாளைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "எல்லா நாளும் ஒரே எடத்துல அணையுது, பாத்தியா" என்றார்.

பார்த்தேன் பாய் என்றேன்.

அவருக்கு அந்த இடம் தெரியும். ஆனாலும் அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து விளக்கு மாட்டிய போல்ட்டைச் சுரண்டினார். கொக்கி மாட்டும் வளையத்தைச் சுரண்டினார். பச்சைப் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்தது.

"கரண்டு வயர்ல போவுது. திரும்பி வர்றது பாடி இரும்பு வழியா. எர்த்துன்னு சொல்றமே அதான். நீ இரும்பு பூராவும் பெயிண்ட அடிச்சி மூடிட்ட. கொக்கி பின்னு உரசுற எடத்துல மட்டும் கொஞ்சம் பெயிண்டு தேஞ்சி இரும்பு தெரியுது. வண்டி இழுக்கும்போது பின்னு அழுத்தமா ஒட்டும், எரியும். மதகுல எறக்கம், நீ பிரேக்கு மெதிப்ப. டிரைலரு முன்னால தள்ளும். பின்னு லூசாவும், அணஞ்சிடும். மேட்டுல மறுபடி ஒட்டுனா எரியும், ஒட்டலன்னா அவ்ளோதான்."

இவ்வளவுதானா என்று கேட்டேன்.

"இவ்ளோதான். நீ என்னா நெனச்ச?"

நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றேன்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் இரண்டு விளக்கின் அடியிலும் இரும்பு தெரியச் சுரண்டி, தனி வயர் போட்டு முடுக்க வேண்டுமாம். விளக்கு இரண்டும் பலகையின் இரண்டு மூலையில். சுரண்டினால் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போய்விடும். பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திதி முடியட்டும் பாய்" என்றேன்.

அதுவரைக்கும் ஒரு நீளமான கறுப்பு வயர் கொடுத்தார். இரண்டு முனையிலும் கிளிப். ஒன்று டிராக்டர் இரும்பில், மற்றது விளக்கின் போல்ட்டில் அவர் சுரண்டிய இடத்தில். தினமும் கிளம்பும்போது மாட்ட வேண்டும். "மறந்துடாத தங்கச்சி. சாப்பாடு மறந்தாலும் இத மறக்காத."

ஜனவரி 18, சனி

வயர் மாட்டினேன். மதகில் அணையவில்லை. ஆலை வரை இரண்டும் நன்றாக எரிந்தது. பின்னால் யாரும் வரவில்லை. ஏழெட்டு முறை திரும்பிப் பார்த்திருப்பேன்.

பாய்க்குச் சந்தோஷமான செய்தி. எனக்கு இட்லி இறங்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

வயர் மாட்டினேன். எரிந்தது. வரவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அவசரத்தில் வயரை மாட்ட மறந்துவிட்டேன். மதகில் அணைந்தது. வந்தார்.

ஜனவரி 23, வியாழன்

இன்றும் அவசரம். இடப்பக்கக் கண்ணாடி கரும்பில் மோதிக் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. சரி செய்யவில்லை. அப்படி இருந்தால் பின்னால் வருவது நன்றாகத் தெரிகிறது.

ஜனவரி 25, சனி

பட்டறைப் பக்கம் போனேன். "வயர மாட்றியா?" என்று பாய் கேட்டார். "மாட்றேன் பாய்." "எரியுதா?" "எரியுது." பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் இன்னும் நல்லபடியாகப் படித்திருப்பேன்.

ஜனவரி 27, திங்கள்

இப்போதெல்லாம் பேசிக்கொண்டு போகிறேன். டிராக்டர் சத்தத்தில் எனக்கே கேட்காது, அதனால் வெட்கமில்லை. போர் மோட்டார் காயில் போனதைச் சொன்னேன். வாணி கணக்கில் முதல் மார்க் வாங்கியதைச் சொன்னேன். மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை, இருமல் நிற்கவே இல்லை, சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார், நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். பின்னால் அந்த வெளிச்சம் ஒரு பக்கமும் சாயாமல் வந்துகொண்டிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது நான் பேச ஆரம்பித்தால் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். இப்போது ஆலை வரை கேட்கிறார்.

பதினோரு மாதத்தில் முதல்முறை எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

மாமாவுக்குக் காய்ச்சல். கஷாயம் போட்டுக் கொடுத்தேன். பனியில் முந்திரிக்காட்டுக்குப் போகாதீர்கள் என்று சத்தம் போட்டேன். "பாக்கணும்ல" என்றார். அவர் துண்டை உதறினால் கரும்புச் சோகை உதிர்கிறது. லோடு வண்டிக்குப் பின்னால் போனால்தான் இப்படிக் காய்ந்த தோகை பறந்து ஒட்டும். எக்ஸ்எல்லுக்கு வாரத்தில் மூன்று தடவை பெட்ரோல் போடுகிறார். முந்திரிக்காடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

முந்திரிக்காட்டில் ஏது சோகை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வாணி சோறு கேட்டாள்.

பிப்ரவரி 1, சனி

லோடு உண்டு. அணைந்தது. வரவில்லை. மாமா இன்னும் படுக்கையில்.

இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். அடிக்க மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 5, புதன்

ரொம்ப நேரமாகிவிட்டது. எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

இன்று பொழுது சாயும்போதே பனி இறங்கிவிட்டது. மாமாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, மத்தியானம் இரண்டு தோசை சாப்பிட்டார். நான் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து எக்ஸ்எல் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்தும் பார்க்காதவள் போல வந்தேன். வயர் என் சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கிடந்தது.

மதகில் அணைந்தது. ஒற்றை விளக்கு வந்தது. நாலைந்து நாளாக வராதது வந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். வந்துட்டீங்களா என்று வாய்விட்டுக் கேட்டேன்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் லாரி ஹாரன். விடாமல் அடித்தான். டயர் தேய்கிற சத்தம். கண்ணாடியில் பெரிய வெளிச்சம் இரண்டு வலப்பக்கம் பாய்ந்தது. என் வண்டியை உரசாத குறையாக லாரி தாண்டிப் போனது. கண்ணாடியில் பார்த்தேன். ஒற்றை விளக்கு இல்லை.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். எந்த இடத்தில் கால் வைத்து இறங்காமல் ஒரு வருஷம் தள்ளிக்கொண்டிருந்தேனோ அதே ரோட்டில் செருப்பில்லாமல் ஓடினேன். வாய்க்கால் ஓரத்தில் எக்ஸ்எல் சாய்ந்து கிடந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மாமா புல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகில் டார்ச்சைத் துண்டால் கட்டியிருந்தார். டார்ச்சின் முகத்தில் வாணியின் சிவப்புக் கண்ணாடித்தாள், ரப்பர் பேண்ட் போட்டு. அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. லாரிக்காரன் பாத்துட்டான். பாத்துத்தான் வண்டிய ஒடிச்சான்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை.

"ஏம் மாமா இப்பிடிப் பண்றீங்க?"

"லைட்டு அணையுதேம்மா. நான் மதகாண்டதான் சாயங்காலம் குந்தி இருப்பேன். உன் வண்டி போவும்போது பாப்பேன். எரிஞ்சா வூட்டுக்குப் போயிடுவேன். அணஞ்சா பின்னாடியே வருவேன்." மூச்சு வாங்கினார். "அன்னிக்கு எம் புள்ள செல்லு லைட்ட காட்டிக்கிட்டு நின்னான் பாரு. அது வெள்ள லைட்டு. எதுக்க ஏதோ பைக்கு வருதுன்னு லாரிக்காரன் ஒதுங்காம வந்துட்டான். செவப்பா இருந்திருந்தா வண்டி நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும். நான் ஸ்டெப்னி எடுக்கப் போவாம கூட நின்னிருந்தா என் செவப்புத் துண்டையாவது காட்டிருப்பேன்."

அவ்வளவு நீளமாக மாமா பேசி நான் கேட்டதில்லை. முழங்காலில் தோல் உரிந்திருந்தது. எலும்பில் அடி இல்லை. முந்தானையைக் கிழித்துக் கட்டினேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வண்டிய நிறுத்திடுவ. அப்புறம் நீயும் அவன மாதிரி, வூட்டுக்குள்ள இருந்துக்கிட்டே, இல்லாமப் போயிடுவ."

கிளம்பும்போது "அந்தப் பாய் ஒரு வயரு குடுத்தாருன்னியே, அது என்னா ஆச்சி?" என்று கேட்டார். அவரைக் கைத்தாங்கலாக வண்டி வரை கூட்டிக்கொண்டு போனேன். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து மாட்டினேன். இரண்டும் எரிந்தது. "இப்பதான் ஞாபகம் வந்துச்சி மாமா" என்றேன். அவர் சிவப்பு வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

அவர் தெரிந்துகொண்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் யாரோடு பேசிக்கொண்டு போனேன் என்பதையும் நான் சொல்லவில்லை. ஒரு செத்தவரைப் பின்னால் வைத்துக்கொள்ள ஒரு உயிருள்ளவரை லாரிக்கு முன்னால் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

லோடு வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். பாய் சாமானோடு வீட்டுக்கே வந்தார். திதி இன்னும் வரவில்லையே என்று ஆரம்பித்தார். உப்புத்தாளை அவர் கையிலிருந்து நானே வாங்கிக்கொண்டேன்.

முதல் எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தபோது மாமா வந்து பக்கத்தில் நின்றார். மஞ்சள் போனது, அதன் அடியில் பச்சை போனது, அதற்கும் அடியில் பழைய நீலம். அது என் வீட்டுக்காரர் தன் கையால் அடித்த நீலம், கல்யாணமான வருஷம். தாம்பூலத்தட்டு மாதிரி பளபளவென்று இருக்கவேண்டும் என்று மூன்று நாள் அடித்தார். அதையும் சுரண்டினேன். இரும்பு வந்தது. அழுகையும் வந்தது, துடைத்துக்கொள்ளாமல் அடுத்த மூலைக்குப் போனேன்.

பாய் வயரை முடுக்கி, துரு ஏறாமலிருக்க வாஸ்லின் களிம்பு தடவினார். "பிரேக்கு மெதிம்மா." மிதித்தேன். "சைடு போடு." போட்டேன். மாமா பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

வாணி டார்ச்சிலிருந்து தன் கண்ணாடித்தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். கசங்கிவிட்டது என்று தாத்தாவிடம் சண்டை.

பிப்ரவரி 8, சனி

திதி. ஐயர் வந்தார். மாமாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, பலகை போட்டு உட்காரவைத்தோம். வடை, பாயசம். காக்கைக்கு வைத்ததும் உடனே வந்து எடுத்தது. அவருக்கு எப்போதுமே சாப்பாடு தாமதமானால் பொறுக்காது.

பிப்ரவரி 10, திங்கள்

லோடு உண்டு. மாமாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மதகு வளைவு. பிரேக் மிதித்தேன். தோகையில் சிவப்பு அப்படியே இருந்தது, இன்னும் பெரிசாக விழுந்தது. வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். இண்டிகேட்டர் போட்டுவிட்டு இறங்கினேன். பின்னால் நடந்தேன்.

அவர் நின்ற இடத்தில் ஆலமரக் கிளைக்கு அடியில் ஒரு கல் இருக்கும் என்று மாமா சொல்லியிருக்கிறார். அங்கே புல் படுத்திருந்தது. ஒரு ஆள் தினமும் உட்கார்ந்து எழுந்த தடம். பீடித்துண்டுகள் கிடந்தன, எல்லாம் மாமாவுடையவை. அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். பனியில் இரண்டு சிவப்பும் தெரிந்தன. இன்னும் பின்னால் போனேன். மதகையும் தாண்டிப் போனேன். அங்கிருந்தும் தெரிந்தன. ஒரு லாரி வந்தது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, சத்தமே போடாமல் என் வண்டியைத் தாண்டிப் போனது.

இவ்வளவுதான் வேண்டியிருந்தது அன்றைக்கு. இரண்டு சிவப்பு.

நான் இருட்டில் நின்று அவர் பெயரை ஒரு தடவை கூப்பிட்டேன். கல்யாணமானதிலிருந்து நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாரும் வரவில்லை. வண்டிக்குத் திரும்பி நடந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இனிமேல் எழுத வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு நாள்.

லோடு உண்டு. மதகில் அணையவில்லை. ஆலை வரை இரண்டும் எரிந்தது. பின்னால் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமா சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, எனக்குத் தட்டு வைத்துக் காத்திருந்தார். "எரிஞ்சுதா?" என்றார். "எரிஞ்சுது மாமா" என்றேன்.

இடப்பக்கக் கண்ணாடியை மட்டும் இன்னும் நேராக்கவில்லை.